கை வைத்தால் அசையாத நிழல்: 34 அடிப் பாய்மரப் படகில் பிமினிச் சட்டத்தை மாற்றிக் கட்டிய நிகழ்வு ஆய்வு

2022 செப்டம்பரில் ஒரு விடியற்காலை. மலேசியாவின் பாங்கோர் தீவின் மேற்குக் கரையில், தெலுக் நீப்பாவுக்கு எதிரே நங்கூரம் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தோம். ஐந்து மணிக்குச் சற்று முன்பு காற்று சட்டென்று குளிர்ந்தது. மேற்கு வானம் மை தடவினாற்போல் கறுத்திருந்தது. மலாக்கா நீரிணையில் படகு வைத்திருப்பவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை இரவில் திரண்டு, பெரும்பாலும் விடியலை ஒட்டி நம் கரையை அடிக்கும் புயல்வரிசை அது. 'சுமத்ரா' என்றே பெயர் சொல்வோம். மணிக்கு 80 கிலோமீட்டர் வரை வீச்சு இருக்கும். பெரும்பாலும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும்.

அன்று ஓய்வதற்குள் எங்கள் காக்பிட்டின் (சுக்கானும் இருக்கைகளும் உள்ள திறந்த பின்பகுதி) மேலிருந்த பிமினி என்ற வெயில்கூரை இடப்பக்கமாகச் சாய்ந்துவிட்டது. மேலே கட்டியிருந்த இரண்டு சூரியத் தகடுகளில் ஒன்று பக்கக் கம்பிகளின் மேல் தொங்கியது. சாயத் தொடங்கிய நேரத்தில், தகட்டைக் கயிற்றால் கட்டிவிடலாம் என்று எழுந்த என் மனைவி பின்வளைவைப் பிடித்தார். பிடித்த வளைவு அவரோடு சேர்ந்தே வந்தது. நல்லவேளையாக உள்பக்கம், இருக்கையின் மேல் விழுந்தார். தோளில் அடி. பத்து நாளில் ஆறியது. வெளிப்பக்கம் விழுந்திருந்தால் அந்த இருட்டில், அந்த அலையில் என்ன ஆகியிருக்கும் என்பதை இன்றும் என்னால் நிதானமாக நினைக்க முடியவில்லை. சட்டத்தை மாற்ற முடிவெடுத்தது அந்த ஒரு நொடியால்தான்.

பழைய சட்டம் எப்படி இருந்தது

படகு 34 அடி நீளம், கண்ணாடி இழை, 1984இல் கட்டியது, எடை ஐந்தரை டன். நான் வாங்கியபோதே மடக்குப் பிமினி இருந்தது. பஹாமாஸின் பிமினித் தீவுகளிலிருந்து வந்த பெயர் என்பார்கள். பின்வளைவு, நடுவளைவு, முன்வளைவு என்று மூன்று வளைவுகள், 22 மில்லிமீட்டர் வெளிவிட்டமும் 1.2 மில்லிமீட்டர் கனமும் உள்ள ஸ்டெயின்லெஸ் குழாய். இதில் நடுவளைவு மட்டும்தான் படகின் மேல் நிற்கிறது, பக்கத்துக்கு ஒரு பாதம். மற்ற இரண்டும் நடுவளைவின் காலில் கவ்விகளால் தொங்குகின்றன. முன்னும் பின்னும் இழுத்துக் கட்டிய வார்கள் முழுச் சட்டத்தையும் விறைப்பாக வைத்திருக்கின்றன. வாரை அவிழ்த்தால் கூடாரம்போல் மடித்துப் பின்னால் சாய்த்துவிடலாம்.

சிறு விசைப்படகுக்கு இது நல்ல வடிவம். வெயில் காயும்போது விரிக்கிறோம், காற்று வந்தால் மடிக்கிறோம். தவறு நடந்தது எங்கே என்றால், இதை நிரந்தரக் கூரையாக்கி, அதன் மேல் ஒவ்வொன்றும் 11 கிலோ எடையுள்ள இரண்டு 200 வாட் தகடுகளை ஏற்றியதில். தகடு ஏறிய நாளிலிருந்து அதை மடிக்க முடியாது. ஏற்றியவன் நான்தான்.

எது முதலில் போனது

விடிந்ததும் எதையும் தொடாமல் எல்லாவற்றையும் படம் எடுத்தேன். உடைந்த பொருளை உடனே கழற்றிப் போட்டால் பாதிக் கதை போய்விடும்.

கண்ணில் பட்ட சேதம் நான்கு. இடப்பக்கப் பாதம் தளத்திலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்திருந்தது. நடுவளைவின் காலில், கவ்விக்காகத் துளையிட்டிருந்த இடத்திலேயே குழாய் மடிந்திருந்தது. நைலான் கவ்வி ஒன்று இரண்டாகப் பிளந்திருந்தது. முன்வார் ஒன்று அறுந்திருந்தது. பார்த்தவர்கள் எல்லோரும் "குழாய் மெலிசு, தடிமனாகப் போடு" என்றார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

ஆனால் வாரின் அறுந்த முனையைக் கையில் எடுத்ததும் தையல் நூல் மாவாக உதிர்ந்தது. பட்டை அறுபடவில்லை, தையல்தான் விட்டிருந்தது. பல வருட வெயிலில் நூல் வெந்துபோயிருந்தது. நைலான் கவ்வியின் பிளவில் பாதி பழுப்பேறிய பழைய விரிசல், மீதிதான் வெள்ளை வெளேரென்ற புதுப் பிளவு. பாதத்தைப் பிடித்திருந்தவை தளத்தின் மேலிருந்து ஏறிய நான்கு சாதாரணத் திருகுகள். அடியில் நட்டும் இல்லை, தகடும் இல்லை. திருகுத் துளைக்குள் விரலை விட்டால் ஈரமான, சேறுபோன்ற மரத்தூள் வந்தது. தளத்தின் இரண்டு கண்ணாடி இழைப் படலங்களுக்கு நடுவே பால்சா மரம் இருக்கிறது. திருகு வழியாக வருடக்கணக்கில் மழைநீர் இறங்கி அது அழுகிப்போயிருந்தது.

அதனால் நான் கட்டிக்கொண்ட வரிசை இது. முதலில் முன்வாரின் தையல் விட்டது. விட்டதும் முன்வளைவு பின்னால் எகிறி, துணியின் முன்விளிம்பு மேலே தூக்கியது. அதுவரை காற்றுக்குக் கிடையாக இருந்த கூரை, அந்த நொடியில் பாயாகிவிட்டது.

பாய் என்றால் எவ்வளவு? 80 கிலோமீட்டர் வேகக் காற்றின் அழுத்தம் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 29 கிலோ எடைக்குச் சமம். எங்கள் துணி 2.2க்கு 2 மீட்டர், 4.4 சதுர மீட்டர். காற்றை முழுமையாக வாங்கினால் 125 கிலோவுக்கு மேல். வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்காகும் என்பதால், 20 கிலோமீட்டர் காற்றில் இதே துணி வாங்குவது 8 கிலோதான். ஆண்டு முழுக்க 8 கிலோவைப் பார்த்துப் பழகியவனுக்கு 125 கிலோ கற்பனைக்கு எட்டாது.

அந்த விசை நடுவளைவின் இரண்டு பாதங்களுக்கு இறங்கியது. அழுகிய பால்சாவில் இருந்த இடப் பாதம் பிடுங்கிக்கொண்டது. கால் ஆடியபோது நைலான் பிளந்தது. கடைசியாகத்தான் குழாய் மடிந்தது, அதுவும் துளை போட்டுப் பலவீனமாக்கிய இடத்தில். குழாயின் மேல் பழி போட்டுத் தடித்த குழாய் வாங்கி, அதே பாதத்தில், அதே வாரில் கட்டியிருந்தால் அடுத்த சுமத்ராவில் தடித்த குழாய் பிடுங்கிக்கொண்டு வந்திருக்கும்.

இன்னொன்றையும் அன்று காலையில் சோதித்தேன். சேதமில்லாத வலப்பக்க மேல்மூலையில் கயிறு கட்டி, மீன் நிறுக்கும் தொங்குதராசை மாட்டிப் பக்கவாட்டில் 20 கிலோ இழுத்தேன். ஒரு பக்கம் உடைந்திருந்த சட்டம் என்பதால் அந்த அளவை நம்பவில்லை. துறைக்குத் திரும்பியதும், அதே வகைப் பிமினி உள்ள பக்கத்துப் படகுக்காரரிடம் கேட்டு அவருடையதில் இழுத்துப் பார்த்தேன். எதுவும் உடையாத அந்தச் சட்டம் 11 சென்டிமீட்டர் நகர்ந்தது. 20 கிலோ என்பது ஒரு சிறுவன் சாய்ந்து நிற்கும் பாரம்.

அங்கேதான் எனக்கு முழு விஷயமும் விளங்கியது. டிங்கி என்ற சிறு துணைப்படகிலிருந்து படகில் ஏறும்போது எதைப் பிடிக்கிறோம்? இருக்கையிலிருந்து எழுந்து பக்கத் தளத்துக்குப் போகும்போது? அலையில் படகு புரளும்போது? பிமினியைத்தான். 'அதைப் பிடிக்காதே' என்று ஒவ்வொரு விருந்தாளிக்கும் சொல்லியிருக்கிறேன். சொன்ன நானே பிடித்திருக்கிறேன். கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு குழாய் இருந்தால் விழப்போகிறவர் பிடிக்கத்தான் செய்வார். ஆகவே புதுச் சட்டத்துக்கு நான் எழுதிவைத்த முதல் நிபந்தனை காற்றைப் பற்றியதோ வெயிலைப் பற்றியதோ அல்ல: 90 கிலோ எடையுள்ள ஒருவர் நிலை தடுமாறி எந்த இடத்தைப் பிடித்தாலும் சட்டம் அவரைத் தாங்க வேண்டும்.

பிளாஸ்டிக் குழாயில் ஒரு ஒத்திகை

பின்பக்கத்தில் தகடு தாங்கும் பெரிய குழாய் வளைவு (ஆர்ச்) ஒன்றைக் கட்டிவிடுங்கள் என்று துறையில் சிலர் சொன்னார்கள். 34 அடிப் படகின் பிட்டத்தில் அவ்வளவு எடையும் உயரமும் எனக்குப் பிடிக்கவில்லை. ஆர்ச் தகட்டைத் தாங்கும், ஆனால் காக்பிட்டுக்கு நிழல் தராது. இரண்டும் வேண்டுமென்றால் நிலையான நான்கு வளைவுச் சட்டம்தான் வழி. பக்கத்துக்கு மூன்று பாதம், வாரே கிடையாது, எல்லாம் விறைப்பான குழாய். துணி மட்டும் கழற்றும்படி.

மின்கம்பி போடும் வெள்ளைப் பிளாஸ்டிக் குழாயை வாங்கி, சூடாக்கி வளைத்து, முழு அளவில் ஒரு மாதிரி கட்டினேன். அதை நாடாவால் ஒட்டி வைத்துக்கொண்டு இரண்டு வார இறுதிகள் படகிலேயே இருந்தோம். ஒருநாள் டிண்டிங் ஆற்று முகத்துக்கு வெளியே பாயும் விரித்தோம். இந்த வேலை முழுவதிலும் மிகுந்த பயன் தந்தது சில ரிங்கிட் விலையுள்ள இந்தக் குழாய்கள்தான்.

பாய்க்கயிற்றைச் சுற்றி இழுக்கும் உருளையான வின்ச்சின் கைப்பிடி 25 சென்டிமீட்டர். அது முழு வட்டம் சுற்ற முன்கால் இடையூறாக இருந்தது. கை முட்டியும் இடித்தது. முன்பாதத்தை 12 சென்டிமீட்டர் பின்னால் நகர்த்தினேன். காக்பிட்டிலிருந்து பக்கத் தளத்துக்குக் கால் வைக்கும் இடத்தில் நடுக்கால் சரியாகக் குறுக்கே நின்றது. அதைக் காலடிக்குப் பின்னால் தள்ளியதும், வெளியே போகிறவர் பிடிக்க ஏற்ற இடத்தில் கம்பம் அமைந்தது. பாயின் அடிவிளிம்பைத் தாங்கும் கிடைக்கம்பமான பூமின் பின்முனை காக்பிட் தரையிலிருந்து 2.08 மீட்டர். பாய் ஏற்றியிருக்கும்போது இது போதும். பாயை இறக்கும்போது பூம் தொய்ந்து மாதிரியின் மேல் உட்கார்ந்தது. பூமைத் தூக்கிப் பிடிக்கும் கயிற்றில் குறிபோட்டு, பாய் இறக்குமுன் அந்தக் குறிவரை இழுத்துக் கட்டுவது என்று வழக்கமாக்கினோம். பெரிய பாயைக் கட்டுப்படுத்தும் கயிறான எங்கள் மெயின்ஷீட் காக்பிட்டுக்கு முன்னால், கேபின் கூரையில் இறங்குவது அதிர்ஷ்டம். அது காக்பிட்டின் நடுவே இறங்கும் படகுகளில் இந்த வடிவமே செல்லாது. (நம் கரையோரப் பாய்மரக்காரர்கள் தாமான் என்று சொல்லும் கயிறுதான் இந்த ஷீட். பாய்க்கயிறுகளுக்கு இப்படி நல்ல சொற்கள் நம்மிடம் இருக்க, துறையில் நாங்களும் ஷீட் என்றே பழகிவிட்டோம்.)

கூரையின் உயரம் பற்றி வீட்டில் நீண்ட பேச்சு நடந்தது. நான் 1.78 மீட்டர் உயரம், தலைக்கு மேல் தாராளமாக இருக்கட்டும் என்றேன். மனைவி நிழல் எங்கே விழுகிறது என்று பார்க்கச் சொன்னார். பாங்கோருக்கு எதிர்க்கரையிலுள்ள லுமுட் வடக்கு அகலாங்கு 4 பாகையில் இருக்கிறது. மார்ச் இறுதியிலும் செப்டம்பர் இரண்டாம் வாரத்திலும் நண்பகல் சூரியன் நேர் உச்சி. அப்போது எந்த உயரத்தில் கூரை இருந்தாலும் நிழல் காலடியில்தான். ஆனால் காலை பத்தேகால், மாலை நாலேகால் மணிவாக்கில் சூரியன் 45 பாகைச் சாய்வில் இருக்கும்போது, கூரை எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரம் நிழல் பக்கத்தில் தள்ளி விழும். உயரத்தைக் கூட்டினால் நிழல் கடலில் விழும். கடைசியில் முன்விளிம்பு 1.93, பின்விளிம்பு 1.88 மீட்டர் என்று முடிவானது. பூமுக்கும் கூரைக்கும் 15 சென்டிமீட்டர் இடைவெளி. பக்கங்களில் வலைத்திரை போட விளிம்பெங்கும் ஜிப்.

பின்பக்கம் 5 சென்டிமீட்டர் தாழ்ந்தது மழைக்காக. நடுவிலும் 10 சென்டிமீட்டர் கூன் கொடுத்தோம். தட்டையான துணியில் ஒரு சதுர மீட்டருக்கு 5 சென்டிமீட்டர் தண்ணீர் தேங்கினால் அது 50 கிலோ.

குழாய், வளைப்பு, வெல்டிங்

குழாயின் விறைப்பு அதன் விட்டத்தோடு வேகமாக ஏறும். 22 மில்லிமீட்டர் விட்டம், 1.2 கனத்திலிருந்து 25.4 மில்லிமீட்டர் விட்டம், 1.6 கனத்துக்குப் போனால் மீட்டருக்கு எடை 0.63 கிலோவிலிருந்து 0.96 கிலோவாகிறது. வளைவை எதிர்க்கும் விறைப்போ ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. 32 மில்லிமீட்டருக்குப் போயிருந்தால் இன்னொரு மடங்கு கிடைத்திருக்கும். ஆனால் கை முழுதாகச் சுற்றிப் பிடிக்க ஒரு அங்குலக் குழாய்தான் இதம். கைப்பிடி வேண்டும் என்ற நிபந்தனையே இங்கே அளவைத் தீர்மானித்தது.

எந்த ஸ்டெயின்லெஸ் என்பதில் ஏமாறும் இடம் அதிகம். நம் ஊரில் வீட்டு கேட், ஜன்னல் கிரில் எல்லாம் ஸ்டெயின்லெஸ்ஸில் செய்யும் பட்டறைகள் தெருவுக்கு ஒன்று. அங்கே பளபளக்கும் குழாய் பெரும்பாலும் 304. மலிவானதென்றால் 201. உப்புக்காற்றில் நிற்பது 316. அதில் 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம் இருக்கிறது, குளோரைடின் அரிப்பைத் தடுப்பது அதுதான். மூன்றும் கண்ணுக்கு ஒன்றுபோல் இருக்கும். காந்தம் வைத்துப் பார்ப்பது உதவாது, மூன்றிலும் ஒட்டாது. மாலிப்டினம் இருந்தால் நிறம் மாறும் துளிச்சோதனை மருந்து கிடைக்கிறது. ஒவ்வொரு 6 மீட்டர் குழாயிலும் ஒரு துளி வைத்துப் பார்த்த பிறகே காசு கொடுத்தேன். கட்டில் இருந்த ஒன்று நிறம் மாறவில்லை. கடைக்காரர் பேசாமல் மாற்றிக் கொடுத்தார்.

வெல்டிங் செய்ய கேட் பட்டறை நடத்தும் அண்ணன் ஒருவரைப் பிடித்தேன். படகு வேலை செய்ததில்லை, ஆனால் அவர் போடும் மணிவரிசை அவ்வளவு சீராக இருக்கும். பெரிய கூனை மூன்று உருளை இயந்திரத்திலும், மூலைகளை 15 சென்டிமீட்டர் ஆரத்தில் வளைக்கும் கருவியிலும் போட்டோம். குழாயின் நீளவாக்குத் தையல் வளைவின் உள்பக்கமோ வெளிப்பக்கமோ வரக்கூடாது. பக்கவாட்டில், இழுப்பும் நெரிப்பும் குறைந்த இடத்தில் வர வேண்டும். இதை முதல் வளைவில் கவனிக்கவில்லை, மூலையில் சுருக்கம் விழுந்து ஒரு குழாய் வீணானது. வளைத்துவிட்டால் கொஞ்சம் திரும்ப விரியும் என்பதால், தரையில் சாக்குக்கட்டியால் முழு உருவத்தை வரைந்து, அதன் மேல் வைத்து வைத்துப் பார்த்துத் திருத்தினோம்.

இணைப்பு போடும்போது குழாயின் உள்ளேயும் ஆர்கான் வாயு நிரம்பியிருக்க வேண்டும். இல்லையென்றால் உள்பக்கம் சீனிப்பாகு கருகியதுபோல் பொரிந்துவிடும், துரு அங்கிருந்துதான் தொடங்கும். நான் இதைச் சொன்னதும் அவர், "அண்ணே, இத்தன வருசத்துல கேட்டுக்கு யாரும் உள்ள கேஸ் விடச் சொன்னதில்ல" என்றார். ஒரு துண்டில் வாயு விட்டும் ஒரு துண்டில் விடாமலும் போட்டு, இரண்டையும் அறுத்து உள்ளே காட்டினேன். அதற்குப் பிறகு நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முனைகளைத் தாளால் அடைப்பது, வாயு நிரம்பக் காத்திருப்பது எல்லாம் அவரே பார்த்துக்கொண்டார். இப்போது நல்ல கேட்டுக்கும் அப்படித்தான் செய்கிறாராம்.

பட்டறையில் இன்னொரு ஆபத்து, சாதா இரும்பு அரைத்த வட்டும் கம்பி பிரஷ்ஷும். அவற்றில் ஒட்டிய இரும்புத்துகள் ஸ்டெயின்லெஸ்ஸில் பதிந்தால் ஒரே மாதத்தில் செம்புள்ளி. புது வட்டுகளையும் ஸ்டெயின்லெஸ் பிரஷ்ஷையும் நானே வாங்கி, தனிப் பெட்டியில் வைத்தேன்.

முழு வெல்டிங்கைப் படகில் செய்யவில்லை. படகில் நிறுத்தி, அளவு சரிபார்த்து, எல்லா மூட்டையும் புள்ளிபுள்ளியாக மட்டும் பற்றவைத்து, பிறகு இறக்கி மரச்சட்டத்தில் கட்டிப் பட்டறையில் முடித்தோம். ஒரு பக்கத்தையே தொடர்ந்து சுட்டால் சட்டம் அந்தப் பக்கம் இழுக்கும் என்பதால் எதிரெதிர் மூட்டுகளாக மாற்றி மாற்றிப் போட்டார். அப்படியும் ஒரு கால் 8 மில்லிமீட்டர் உள்ளே வந்தது. பாதத்தின் அடியில் சாய்வுத் துண்டு வைத்துச் சரிசெய்தோம்.

முக்கோணமும் பாதமும்

சட்டத்தின் பலம் இந்த இரண்டு இடத்தில்தான் இருக்கிறது, ஆகவே இங்கே கொஞ்சம் நிற்கிறேன்.

நான்கு குழாயை நாற்கரமாகக் கட்டினால், மூட்டு எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் தள்ளினால் சரியும். ஒரு மூலைவிட்டத்தைப் போட்டால் நின்றுவிடும். முன்பின் ஆட்டத்துக்கு இது எளிது: பக்கத்துக்கு ஒன்றாக, முன்காலின் அடியிலிருந்து நடுவளைவின் மேல்மூலைக்கு ஒரு சாய்குழாய். அதற்கு மேல், தோள் உயரத்தில் நீளவாக்கில் ஒரு கைப்பிடிக் குழாய். வெளியே போகிற யாரும் முதலில் பிடிப்பது அதைத்தான். அது மூன்று கால்களையும் ஒன்றோடொன்று பிணைக்கிறது.

பக்கவாட்டு ஆட்டம்தான் சிக்கல். காக்பிட்டின் குறுக்கே மூலைவிட்டம் போட்டால் மனிதர் நடக்க முடியாது. அதனால் ஒவ்வொரு காலும் மேல்வளைவோடு சேரும் மூலையில் 30 சென்டிமீட்டர் நீளத்தில் குட்டித் தாங்கி வைத்தோம், வீட்டுத் தூணுக்கும் உத்தரத்துக்கும் நடுவே கைமரம் கொடுப்பதுபோல. தலை இடிக்காத உயரம்வரைதான் அதைக் கீழே இறக்க முடிந்தது. கடைசி வளைவின் கால்களைப் பின்பக்கக் கம்பித் தடுப்போடு இரண்டு இடங்களில் போல்ட் போட்டு இணைத்தேன். அந்தத் தடுப்பு ஏற்கெனவே நான்கு காலில் நிற்கிறது. இந்த இணைப்பு செலவே இல்லாதது, ஆனால் பக்க ஆட்டத்தில் பாதியைக் குறைத்தது இதுதான்.

பாதத்துக்கு ஆன நேரம் மற்ற எல்லாவற்றுக்கும் சேர்ந்து ஆன நேரத்தைவிட அதிகம். அழுகிய இடத்தில் 30க்கு 20 சென்டிமீட்டர் அளவுக்கு உள்பக்கப் படலத்தை வெட்டியெடுத்து, ஈர பால்சாவைச் சுரண்டி, இரண்டு வாரம் விசிறி வைத்துக் காயவிட்டு, புதுப் பலகை வைத்து எபாக்ஸிப் பிசினால் மூடினேன். மற்ற ஐந்து பாதங்களில் பால்சா நல்லபடியாக இருந்தது. அங்கே போல்ட் அளவைவிடப் பெரிய துளை போட்டு, நடுமரத்தைச் சுற்றிலும் குடைந்து, கெட்டியாகக் குழைத்த எபாக்ஸியால் நிரப்பி, இறுகிய பிறகு அதன் நடுவே 8 மில்லிமீட்டர் துளையிட்டேன். இனி போல்ட் வழியாகத் தண்ணீர் இறங்கினாலும் மரத்தைத் தொடாது, இறுக்கும்போது தளமும் நசுங்காது. பாதத்துக்கு நான்கு போல்ட், அடியில் 6 மில்லிமீட்டர் கண்ணாடி இழைப் பலகை, மேலே நீர் கசியாமல் அடைக்க பியூட்டைல் ரப்பர் நாடா. துளையின் வாயைக் கொஞ்சம் சரித்து விட்டால் நாடா அங்கே வளையமாக உட்கார்ந்துகொள்ளும். பியூட்டைலை ஒரேயடியாக முறுக்கக் கூடாது. மூன்று நாள், தினம் கால் சுற்று.

ஒவ்வொரு காலின் அடியிலும் 4 மில்லிமீட்டர் துளை ஒன்று. குழாய்க்குள் எப்படியோ தண்ணீர் வரும். வந்தால் போக வழி வேண்டும்.

துணியும் தகடும்

துணி சன்பிரெல்லா, நிறம் நாரிலேயே ஊறிய அக்ரிலிக். தையலுக்கு, பழைய வாரின் பாடத்தால், வெயிலில் வேகாத பி.டி.எஃப்.இ. நூல். விலையைக் கேட்டுத் தையல்காரர் இரண்டு முறை உறுதிப்படுத்திக்கொண்டார். நூல் செலவு மொத்தத்தில் சிறியது, அது விட்டால் போவது மொத்தமும். சுக்கானில் நிற்பவர் தலைக்கு மேல் பாயைப் பார்க்க 40க்கு 60 சென்டிமீட்டர் தெளிவான ஜன்னல், அதை மூட ஒரு மடிப்பு. மூடாவிட்டால் நடு மதியத்தில் சுக்கான்காரரின் உச்சி வெந்துவிடும்.

போல்ட், நட்டு, கவ்விகள் எல்லாம் லங்காவியில் வாங்கினேன். 1987 முதல் வரியில்லாத் தீவு என்பதால் படகுச் சாமான் அங்கே எளிதாகக் கிடைக்கும், எப்படியும் போகவேண்டிய பயணமாகவும் இருந்தது.

தகடுகளை மூன்றாம், நான்காம் வளைவுகளுக்கு நடுவே, துணிக்கு மேலே 5 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு வைத்தேன். சிலிக்கான் தகடு 25 பாகைக்கு மேல் ஏறும் ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 0.4 விழுக்காடு மின்சாரத்தை இழக்கும். வெயிலில் 65 பாகை தொட்டால் ஆறில் ஒரு பங்கு போயிற்று. அடியில் காற்று ஓடினால் அந்த அளவுக்குச் சூடேறாது. தகட்டின் அலுமினியச் சட்டம் ஸ்டெயின்லெஸ்ஸை நேராகத் தொட்டால் உப்புநீரில் அலுமினியம் கரையும், ஆகவே எல்லா இடத்திலும் நைலான் வளையம். போல்ட் ஏற்றும்போது கிரீஸ் தடவாத ஒரு ஸ்டெயின்லெஸ் நட்டு பாதியிலேயே இறுகிப் பற்றிக்கொண்டது. அதை அறுத்துத்தான் எடுத்தேன்.

ஒரு பருவம் கழித்து

2023 மார்ச்சில், வடகிழக்குப் பருவக்காற்றால் மேற்குக் கரை அமைதியாக இருக்கும் மாதங்கள் முடியும் தறுவாயில், சட்டம் ஏறியது. மொத்தக் குழாய் 26 மீட்டர். சாமான்களோடு 29 கிலோ. தகடும் துணியும் சேர்ந்தால் 55 கிலோ, அவ்வளவும் உயரத்தில். ஐந்தரை டன் படகைக் கவிழ்க்காது, ஆனாலும் பக்கவாட்டு அலையில் உருளல் கொஞ்சம் மந்தமானதை உணர்கிறேன்.

அதே தொங்குதராசால் அதே 20 கிலோ: நகர்வு ஒன்றரை சென்டிமீட்டர். பிறகு நான் 82 கிலோ, வெல்டர் அண்ணன் இன்னும் கொஞ்சம் அதிகம். இருவரும் கைப்பிடிக் குழாயில் வெளிப்பக்கமாகத் தொங்கிப் பார்த்தோம். தளத்தின் அடியில் டார்ச்சோடு படுத்திருந்த மனைவி பலகைகள் அசையவில்லை என்றார்.

அந்த ஆண்டு மூன்று சுமத்ராக்களைச் சட்டம் பார்த்தது. ஒன்று பினாங்குக்குத் தெற்கே, நங்கூரத்தில், எங்கள் காற்றுமானி 41 நாட் காட்டியது, மணிக்கு 76 கிலோமீட்டர். துணியைக் கழற்ற மூன்று நிமிடம் போதும் என்று கணக்குப் போட்டிருந்தேன். பகலில் உண்மைதான். இருட்டில், மழையில் ஜிப் முனையைத் தேடவே மூன்று நிமிடம் ஆனது, பாதியில் விட்டுவிட்டேன். துணியோடே நின்று தாங்கியது. இப்போது ஜிப் முனைகளில் வெள்ளைப் பட்டை தைத்திருக்கிறோம், வானிலை சந்தேகமான இரவில் படுக்கும் முன்பே கழற்றிவிடுகிறோம்.

நான் எதிர்பாராத ஒரு நன்மை: பின்பக்கம் காற்று பிடிக்கும் பரப்பு கூடியதால், நங்கூரத்தில் படகு முன்பைவிட நேராகக் காற்றைப் பார்த்து நிற்கிறது. அதே பரப்பு, துறைக்குள் குறுக்குக்காற்றில் நுழையும்போது பின்பகுதியைத் தள்ளிக்கொண்டு போகிறது. இன்னும் அதற்குப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

குறைகளும் வந்தன. இரண்டாம் மாதத்தில் ஒரே ஒரு மூட்டில் தேநீர்க் கறைபோல் பழுப்புத் துரு. அமிலப் பசை தீர்ந்துபோனதால் அந்த மூட்டை மட்டும் வெறுமனே மெருகேற்றி விட்டிருந்தோம். வெல்டிங் சூட்டில் வந்த நீலக் கருப்பை அமிலப் பசையால் நீக்கினால்தான் உலோகம் மறுபடி தன் காப்புப் படலத்தைக் கட்டிக்கொள்ளும், மெருகு மட்டும் போதாது. அந்தப் பசையில் ஹைட்ரோபுளோரிக் அமிலம் இருக்கிறது. தோலில் பட்டால் எலும்புவரை போகும். முழு நீளக் கையுறை, முகக்கவசம் இல்லாமல் யாரும் தொடக்கூடாது. அடுத்தது, எஞ்சின் 1,800 சுற்றில் ஓடும்போது பின்தகடு ரீங்காரமிட்டது. மூன்றாம் வளைவின் நடுவிலிருந்து நான்காம் வளைவுக்கு ஒரு சிறு குழாயைக் கவ்வி வைத்துப் பிணைத்ததும் நின்றது. வெல்ட் செய்யாமல் கவ்வியாக விட்டிருக்கிறேன், பின்னொரு நாள் இடம் மாற்ற வேண்டியிருக்கலாம்.

மறுபடி கட்டினால் ஒன்றை மாற்றுவேன். நான்கு வளைவும் பக்கக் குழாய்களும் இப்போது ஒரே துண்டு. லாரியில் ஏற்றுவதென்றாலும் தளத்தில் வேலையென்றாலும் முழுதாகத் தூக்க நான்கு பேர் வேண்டும். நடுவே, இரண்டாம் வளைவுக்குப் பின்னால், உள்குழாய் நுழைத்துப் போல்ட் போட்ட மூட்டு ஒன்று வைத்திருந்தால் இரண்டு பேர் இறக்கிவிடலாம். அறுத்து அதைச் செய்யலாமா என்று அண்ணனிடம் கேட்டேன். கைப்பிடிக் குழாயை மட்டும் அறுக்க வேண்டாம், மேலே மட்டும் பிரிக்க வழி பார்க்கிறேன் என்றிருக்கிறார். படகு அடுத்த முறை கரையேறும்போது, பாதங்களின் போல்ட்டை ஒவ்வொன்றாகக் கழற்றி எபாக்ஸியைப் பார்ப்பதோடு அதையும் வைத்திருக்கிறோம்.